பழைய ஷொட்கன்னின் வெட்டிய குழலுக்குச் 'சோக்' போடலாமா? முதலில் அனுமதிப்பத்திரத்தைப் பாருங்கள்

நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போடுகிறவர்களிடம் கேட்டால் காட்டுப்பன்றித் தொல்லையைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். ஒரே இரவில் பாத்தி முழுக்க உழுதுபோட்டுப் போய்விடும். அதனால் அப்பா, தாத்தா காலத்து இரட்டைக்குழல் ஷொட்கன்னை (சிறு ரவைகளைக் கொத்தாகச் சுடும் துப்பாக்கியை) இன்னும் வைத்திருக்கிற குடும்பங்கள் உண்டு. வாய்ப் பக்கம் துருப்பிடித்தோ நசுங்கியோ போனதால், அல்லது புதருக்குள் தூக்கித் திரிய வசதியாக இருக்கட்டும் என்று, சில துப்பாக்கிகளின் குழலை யாரோ ஒரு காலத்தில் வெட்டியிருப்பார்கள். இப்போது பேரன் கேட்கிறார்: ரவை சிதறிப் போகிறதே, பழையபடி சோக் (ரவை சிதறாமலிருக்கக் குழல் வாயில் விடும் ஒடுக்கம்) போட்டுத் திருத்த முடியுமா?

சில குழல்களில் முடியும். ஆனால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு திருத்துகிறவரைத் தேடிப் போவதற்கு முன் சட்டம் கேட்கிற விஷயங்கள் இருக்கின்றன. அதைத் தெரியாமல் பொலிஸில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இலங்கையில் துப்பாக்கி வைத்திருப்பதை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். பல முறை திருத்தப்பட்டது. 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அவற்றில் முக்கியமானது. இந்தச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் குடும்பத்துக்குக் கிடைப்பதில்லை. ஒரு ஆளின் பெயருக்கு, ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்கு, ஒரு வருடத்துக்குக் கிடைக்கிறது. டிசம்பர் 31 வந்தால் காலாவதி. அடுத்த வருடத்துக்கான புதுப்பித்தல் வழக்கமாக ஒக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை நடக்கும். அந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டால், துப்பாக்கி அலுமாரிக்குள் பூட்டியபடியே கிடந்தாலும் ஜனவரி முதலாம் திகதியிலிருந்து அதை வைத்திருப்பதே குற்றம். சுட்டால்தான் குற்றம் என்று நினைக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். பழைய சாமான் என்பதால் பத்திரம் தேவையில்லை என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். சுடக்கூடிய நிலையில் இருக்கும் துப்பாக்கிக்கு வயது ஒரு விலக்கு இல்லை.

பயிர்ப் பாதுகாப்புக்கான ஷொட்கன் என்றால் மாவட்டச் செயலகத்தோடுதான் வேலை. தற்பாதுகாப்புக்கான துப்பாக்கிகளைப் பாதுகாப்பு அமைச்சு பார்க்கிறது. எந்த வழியாகப் போனாலும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலுக்கும் பொலிஸ் அறிக்கைக்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் ஓடித் திரிவதை விட ஒக்டோபரிலேயே போய்விடுவது எவ்வளவோ மேல்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். படிவம் சிங்களத்தில் மட்டும் இருக்கிறது என்று கவுண்டரில் சொன்னால் பேசாமல் திரும்பி வந்துவிடாதீர்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அலுவலரோடு தமிழில் எழுதவும் பேசவும் தமிழிலேயே பதில் பெறவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. விண்ணப்பத்தைக் கொடுத்து மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை என்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு செய்ய வேண்டும். தோட்டத்து மக்கள் இதைக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள். பயன்படுத்த வேண்டும்.

பத்திரம் வைத்திருந்தவர் காலமாகிவிட்டால்? வீடு, நகை போல் துப்பாக்கி மூத்த மகனுக்குத் தானாக வந்து சேராது. மகன் அதை வீட்டில் வைத்திருந்தால், சட்டத்தின் கண்ணில் அவர் அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருக்கிற ஆள். அதனால் கருமாதிக் காரியங்கள் முடிந்த கையோடு மரணச் சான்றிதழையும் பழைய பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். துப்பாக்கியை ஒப்படைத்து, அதன் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் பெயருக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பிக்கலாம். மற்றப் பிள்ளைகளின் சம்மதத்தை எழுத்தில் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

பத்திரமே இல்லாத துப்பாக்கி என்றால் அது வேறு கதை. அதைத் திருத்தக் கொடுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. குழி தோண்டிப் புதைக்கிறவர்களும் உண்டு. பிறகு யாராவது தோண்டி எடுத்தால் வினை. ஆயுதங்களை ஒப்படைக்க அரசாங்கம் இடைக்கிடை பொதுமன்னிப்புக் காலம் அறிவிப்பதுண்டு; 2020 பெப்ரவரியில் அப்படி ஒரு வாரம் கொடுத்தார்கள். அறிவிப்பு இல்லாத காலத்தில் ஒரு சட்டத்தரணியின் மூலம் ஒப்படைப்பதே பாதுகாப்பு. பழைய குழலைக் கழற்றிக் கட்டுத்துவக்காக, அதாவது கம்பியில் கால் பட்டதும் தானாக வெடிக்கும்படி, பொறி வைக்கும் எண்ணம் மட்டும் வேண்டவே வேண்டாம். பன்றி வருகிற பாதையில்தான் விடியற்காலையில் விறகுக்குப் போகிற பெண்களும் நடக்கிறார்கள்.

பத்திரம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு குழலுக்கு வருவோம். சோக் என்பது குழலின் வாய்ப் பக்கத்தில் விடப்படும் சிறு ஒடுக்கம். 12 போர் என்ற அளவுக் குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். முழுச் சோக்கில் வாய் அதைவிட ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு ஒடுங்கியிருக்கும். இந்தச் சின்ன வித்தியாசம் செய்கிற வேலை பெரிது: 40 யார் (கெஜம்) தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் முழுச் சோக் ஏறக்குறைய 70 சதவீத ரவைகளைப் போடும், சோக் இல்லாத குழல் 40 சதவீதத்தைத்தான் போடும். அந்த ஒடுக்கம் குழலின் கடைசி ஓரிரு அங்குலத்தில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் வெட்டினாலும் சோக் முழுவதும் போய்விடும்.

வெட்டியதா என்று கண்டுபிடிக்க, துப்பாக்கியைத் திறந்து தோட்டா இல்லை என்று உறுதி செய்தபின், வாயை நேராகப் பாருங்கள். இரட்டைக்குழலின் இரண்டு குழல்களும் முன்னால் போகப் போக நெருங்கி, வாயில் ஒன்றையொன்று தொட்டபடி முடியும். வெட்டியதில் இரண்டுக்கும் நடுவே இடைவெளி தெரியும். அதை ஈயம் வைத்து அடைத்திருப்பார்கள், விளிம்பில் அரத்தின் கீறலும் இருக்கலாம். பேர்மிங்ஹாமிலோ லண்டனிலோ வெடியின் அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்த்துச் சோதனை முத்திரை குத்திய பழைய குழல்களின் அடிப்பக்கத்தில் 'சோக்' என்ற ஆங்கிலச் சொல்லே பொறித்திருப்பதுண்டு. அடியில் அந்தச் சொல் இருந்து வாயில் ஒடுக்கம் இல்லை என்றால், வெட்டியிருக்கிறார்கள் அல்லது உள்ளே குடைந்திருக்கிறார்கள்.

திரும்பச் சோக் கொண்டுவர உலகில் சில வழிகள் உண்டு. வாயில் புரி வெட்டித் தனிச் சோக்கைத் திருகுவது ஒன்று. அதற்குக் குழல் சுவர் தடிப்பாக இருக்க வேண்டும், பழைய இரட்டைக்குழல்களில் பெரும்பாலும் போதாது. வாய்க்குச் சற்றுப் பின்னால் உட்புறத்தை மெல்ல அகலமாக்குவது இன்னொன்று. அப்போது வாய் தானாகவே ஒடுக்கமாகிவிடும். வெட்டிய குழலுக்கு இதுதான் ஓரளவு பொருந்தும், ஆனால் இதற்கும் சுவரின் தடிப்பை அளக்காமல் கை வைக்கக் கூடாது. வாயை வெளியிலிருந்து நசுக்கி ஒடுக்குவதை நான் ஏற்கவே மாட்டேன். குழலில் சுருள் சுருளாக வரி தெரிந்தால் அது டமஸ்கஸ் குழல். அவற்றில் பல அந்தக் காலத்துக் கரிமருந்துக்கே (கறுப்பு வெடிமருந்துக்கே) சோதிக்கப்பட்டவை. இன்றைய தோட்டாவின் அழுத்தத்தில் வெடித்தால் இடது கை போய்விடும். அதைத் திருத்துவதும் வேண்டாம், சுடுவதும் வேண்டாம்.

சட்டமும் குழலும் சந்திக்கிற இடம் இதுதான். பத்திரத்தில் உள்ள விவரமும் கையில் உள்ள துப்பாக்கியும் ஒத்துப்போக வேண்டும். வெட்டிய குழலை எந்த நாட்டுப் பொலிஸும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். பிரித்தானியாவில் ஷொட்கன் குழலை 24 அங்குலத்துக்குக் கீழே வெட்டுவதே குற்றம். ஆகவே குழல் எப்போது, யாரால் வெட்டப்பட்டது என்று தெரிந்ததை எழுதி, அடுத்த புதுப்பித்தலின்போது நீங்களே சொல்லிவிடுங்கள். திருத்துவதற்கு முன் அனுமதி வழங்கும் அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். அந்த வேலைக்கு அனுமதி பெற்றவரிடம் மட்டும் கொடுங்கள். பட்டறையில் இரும்பு வேலை செய்கிற தம்பி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேண்டாம். அவரையும் சேர்த்து வழக்கில் இழுக்க வேண்டிவரும்.

என்னைக் கேட்டால், மரக்கறித் தோட்டத்துக்கு வைத்திருக்கிறவருக்கு இந்தச் செலவே தேவையில்லை. பன்றி பாத்திக்கு வருவது 15, 20 யார் தூரத்தில். அந்தத் தூரத்துக்குச் சோக் இல்லாத குழல் தாராளமாகப் போதும். பயிர்ப் பாதுகாப்பு அனுமதி இருக்கிறது என்பதற்காகக் கண்ணில் பட்டதையெல்லாம் சுடவும் முடியாது. சிறுத்தையும் மரையும் 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. தோட்டத்துக்குள் வந்தாலும் அந்தப் பாதுகாப்பு நீங்காது. வனஜீவராசிகள் அலுவலகத்துக்குத்தான் அறிவிக்க வேண்டும்.