கடலடிப் பூட்டைத் திறக்கும் ஒலி

பெங்களூரு ஜாலஹள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரியும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: முக்குளிப்போர் எவரும் போக முடியாத ஆழத்தில் நங்கூரமிட்டு நிறுத்திய கருவிகளை, ஓராண்டு கழித்து எப்படி மீட்கிறார்கள்? பெங்களூருக்கும் கடலுக்கும் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தொலைவு இருந்தாலும், இந்தக் கேள்வி நமக்கு நெருக்கமானதுதான். பருவமழையின் போக்கை அறிய வங்கக் கடலின் மேலடுக்குகளை அளந்தாக வேண்டும் என்பதால்தான், நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 2016 ஜூன், ஜூலை மாதங்களில் சிந்து சாதனா கப்பலில் அங்கே சென்றார்கள். ஆனால் கப்பல் சில வாரங்களில் கரை திரும்பிவிடும். ஆண்டு முழுவதும் ஓரிடத்திலேயே நின்று அளப்பதற்கு மூரிங் எனப்படும் நங்கூரமிட்ட கருவித்தொடர் வேண்டும். 2014 டிசம்பரில் சாகர் நிதி கப்பலிலிருந்து வங்கக் கடலின் வடபகுதியில் இறக்கப்பட்ட அப்படியொரு தொடர், 2016 ஜனவரியில்தான் மீட்கப்பட்டது.

இறக்கும் வேலையில் பெரும்பாலும் மிதவை முதலில் போகும், நங்கூரம் கடைசியில் போகும். கப்பல் மெல்ல நகர, பின்தளத்தில் வடத்தைச் சுற்றிவைத்திருக்கும் வின்ச் எனும் உருளைப் பொறியிலிருந்து கம்பிவடமும் நைலான் கயிறும் மணிக்கணக்கில் கடலுக்குள் இறங்கும். குறித்த ஆழங்களில் வெப்பம், உப்புத்தன்மை, நீரோட்டம் ஆகியவற்றை அளக்கும் கருவிகளைத் தளத்திலேயே வடத்தில் பொருத்துவார்கள். வடத்துண்டுகளை இணைக்கும் ஷேக்கிள் எனும் இரும்பு வளையம் ஒவ்வொன்றின் ஊசியும் பூட்டப்பட்டிருக்கிறதா என்பதை ஒருவர் சரிபார்த்த பிறகு இன்னொருவரும் கையால் தொட்டுப் பார்ப்பார். அலை ஓயாமல் ஆட்டும்போது, பூட்டாத ஊசி சில வாரங்களில் கழன்றுவிடும். கடைசியில், பழைய ரயில் சக்கரங்களை அடுக்கிச் செய்த சில டன் எடையுள்ள நங்கூரத்தைத் தள்ளிவிடுவார்கள். அது விழும்போது வடம் அதைப் பின்னோக்கி இழுக்கும் என்பதால், குறித்த இடத்தைத் தாண்டிச் சென்ற பிறகே தள்ள வேண்டும்.

என்னைப் பெரிதும் கவர்வது நங்கூரத்துக்குச் சற்று மேலே இருக்கும் ஒலிவழி விடுவிப்பான். கப்பலில் எல்லோரும் அதைச் சுருக்கமாக ‘ரிலீஸ்’ என்பார்கள். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள உலோகக் குழாய். உள்ளே மின்கலம், மின்னணுச் சுற்று, மோட்டார். மேல்முனையில் ஒலியைக் கேட்கவும் எழுப்பவும் வல்ல பீங்கான் உணரி. கீழ்முனையில் நங்கூரத்தைப் பிடித்திருக்கும் ஒரு கொக்கி. அது திறந்தால் நங்கூரம் கடலடியிலேயே தங்கிவிட, மற்றதெல்லாம் மேலே மிதந்து வரும். ரேடியோ அலை கடல்நீரில் சில மீட்டருக்குள் அடங்கிவிடும். ஒலியோ நொடிக்கு சுமார் 1500 மீட்டர் வேகத்தில் நெடுந்தொலைவு செல்லும். ஆகவே கட்டளை ஒலியாகவே போகிறது. திமிங்கிலத்தின் குரலோ கப்பல் விசிறியின் இரைச்சலோ தவறுதலாகக் கொக்கியைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு ரிலீஸுக்கும் தனக்கே உரிய சங்கேத ஒலித்தொடர்கள் உண்டு. விழித்தெழுவதற்கு ஒன்று, கொக்கியைத் திறப்பதற்கு வேறொன்று. தான் நிமிர்ந்து நிற்கிறதா, சாய்ந்து கிடக்கிறதா என்பதையும் பல ரிலீஸ்கள் பதில் ஒலியில் தெரிவிக்கும்.

3000 மீட்டர் ஆழத்தில் நீரழுத்தம் ஏறக்குறைய 300 வளிமண்டலம். அங்கே கைப்பிடிக்குள் அடங்கும் மோட்டார், டன் கணக்கில் இழுபடும் கொக்கியை எப்படித் திறக்கிறது? அது அந்தச் சுமையை நேராகத் தூக்குவதே இல்லை. நெம்புகோல் அமைப்பு சுமையின் பெரும்பகுதியைக் குழாயின் உடலிலேயே தாங்கிக்கொள்ள, மோட்டார் ஒரு சிறு தாழ்ப்பாளை மட்டும் விலக்குகிறது. தாழ்ப்பாள் விலகியதும் சுமையே கொக்கியை இழுத்துத் திறந்துவிடுகிறது. ஒரு ரிலீஸ் பழுதானாலும் மற்றொன்று உதவட்டும் என்று பெரும்பாலும் இரண்டை அருகருகே கட்டுகிறார்கள். நங்கூரத்தின் வளையத்துக்குள் ஒரு சங்கிலியைக் கோத்து, அதன் இரு முனைகளையும் இரண்டு கொக்கிகளில் மாட்டுகிறார்கள். கிணற்று ராட்டினத்தில் ஓடும் கயிற்றின் ஒரு முனையை விட்டாலே முழுக் கயிறும் உருவி வந்துவிடுவதைப் போல, எந்தக் கொக்கி திறந்தாலும் சங்கிலி வளையத்திலிருந்து நழுவிவிடும். இவ்வளவு எளிமையான தீர்வு இவ்வளவு ஆழத்தில் வேலை செய்வதை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன்.

மீட்கும் நாளில் கப்பல் இரைச்சலைக் குறைத்துக்கொண்டு நிற்கும். ஓர் உணரியைப் பக்கவாட்டில் நீருக்குள் தொங்கவிட்டுக் கட்டளையை அனுப்புவார்கள். 3000 மீட்டர் ஆழமென்றால், ஒலி இரண்டு நொடி கீழே, இரண்டு நொடி மேலே. நான்காம் நொடியில் பதில் வரும். கொக்கி திறந்ததா என்பதை அந்த நேரமே காட்டிக்கொடுக்கும். ரிலீஸுக்கு மேலே கட்டிய, மஞ்சள் பிளாஸ்டிக் உறையிட்ட கண்ணாடிக் கோளங்கள் ஒவ்வொன்றும் சுமார் 25 கிலோ தூக்குவிசை தரும். அவை நிமிடத்துக்கு 60 மீட்டர் உயர்ந்தால், பதில் வரும் நேரம் நிமிடத்துக்கு 0.08 நொடி குறையும். எண் அசையாமல் நின்றால் நங்கூரம் விடவில்லை என்று பொருள். கட்டளையை மீண்டும் அனுப்ப வேண்டும். எண் இறங்கத் தொடங்கினால், ஏறக்குறைய ஐம்பது நிமிடத்தில் மஞ்சள் கோளங்கள் மேலே வந்துவிடும். பிறகு கொளுவி இழுத்து, மேலடுக்குக் கருவிகளில் அப்பியிருக்கும் கொட்டலசுகள் எனும் ஓட்டு உயிரினங்களைச் சுரண்டி, வடத்தில் சிக்கிய மீன்பிடி நரம்புகளை அறுத்து, தரவை நகலெடுப்பது வரை இரவும் பகலும் வேலை ஓடும்.

இந்த இடத்தில் என் கருத்தையும் சொல்லியாக வேண்டும். புதிய கருவி வாங்கப் பணம் ஒதுக்குவதைவிட, ஆண்டுதோறும் மீட்கவும் மீண்டும் இறக்கவும் கப்பல் நாள்களை ஒதுக்குவதே முக்கியம். ரிலீஸின் மின்கலம் காலவரையின்றி உழைக்காது. பயணம் தள்ளிப்போனால் கட்டளையைக் கேட்கக் கீழே எதுவும் விழித்திருக்காது, ஓராண்டுத் தரவும் கடலடியிலேயே தங்கிவிடும். எனவே ஒரு தொடரை மீட்கும் பயணத்திலேயே, புதிய மின்கலம் பொருத்திய மாற்றுத் தொடரையும் எடுத்துச் சென்று அதே இடத்தில் இறக்கிவிட்டு வருவதற்கான செலவு, தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்க்கப்பட வேண்டும்.