டோக்கன்: அடையாளமா, வில்லையா?

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைப்பேசியைக் கொண்டு செல்ல முடியாது என்பதால், அதை வெளியே ஒப்படைத்து ஒரு டோக்கனும், செருப்பை விட்ட இடத்தில் இன்னொரு டோக்கனும் பெற்றுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போவது மதுரையில் அன்றாட வழக்கம். செருப்புக்குத் தந்த டோக்கனைக் கைப்பேசி காப்பவரிடம் நீட்டினால், ஆள் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், பொருள் கைக்கு வராது. மென்பொருள் தொகுப்புகளைப் பதிவேற்றுவோர் 'ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) டோக்கன்' என்று சொல்லும்போதும் கருதுவது இதைத்தான். இதைத் தமிழில் எந்தச் சொல்லால் வழங்குவது என்பதே இங்குக் கேள்வி.

டோக்கன் என்பது பழைய ஆங்கிலத்தில் 'டாக்கன்' என வழங்கிய சொல். குறி, அடையாளம் என்பதே அதன் முதற்பொருள். கற்பித்தலைக் குறிக்கும் 'டீச்' என்ற வினையும் அதே வேரிலிருந்து, 'காட்டுதல்' என்ற கருத்திலிருந்து கிளைத்தது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது கடைக்காரர்கள் தாமே அடித்துப் புழங்கவிட்ட உலோக வில்லைகளையும் டோக்கன் என்றார்கள். குறி என்ற கருத்து, கையில் பிடிக்கக்கூடிய பொருளாக இறுகியதற்கு இது நல்ல சான்று.

தமிழில் இதற்கு நேரான பழஞ்சொல் 'அடையாளம்'. வில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரின் திருமொழியில், தான் இராமனின் தூதன்தான் என்று சீதையை நம்பவைக்க அனுமன் அடுக்குவதெல்லாம் அடையாளங்களே. முடிவில் காட்டுவதும் 'அடையாளம் ஈதவன் கைம்மோதிரமே'. பொருளளவில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஆனால் இன்று 'பயனர் அடையாளம்' என்றால் அது ஆளைக் குறிக்கிறது; டோக்கனோ ஆளுக்குத் தரப்பட்ட வரம்புள்ள அனுமதியைக் குறிக்கிறது. 'சாவி', 'கடவுச்சொல்' ஆகியவையும் ஒத்துவரமாட்டா. ஏன் என்பது வேலையில் இறங்கிப் பார்த்தால் விளங்கும்.

பைதான் என்ற நிரல்மொழியில் எழுதிய தொகுப்புகளின் பொதுக் கிடங்கான பைபிஐ, 2019இல் டோக்கன் முறையைக் கொண்டுவந்தது. 2024 ஜனவரி 1 முதல் எல்லாப் பயனருக்கும், கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயமானதால், வெறும் கடவுச்சொல்லைக் கொண்டு இப்போது பதிவேற்ற இயலாது. ஒரு டோக்கனைக் கணக்கு முழுவதற்குமோ ஒரே ஒரு திட்டத்துக்கு, அதாவது ஒரு தொகுப்புக்கு, மட்டுமோ பெறலாம். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய மூன்றில் ஒன்றில் மட்டுமே ஒரு காளை இறங்கலாம் என்று 2025இல் மதுரை மாவட்ட நிர்வாகம் விதித்ததே, திட்ட டோக்கனும் அப்படிப்பட்டதுதான்.

இரண்டு தொகுப்புகளைப் பராமரிக்கும் ஒருவர், பதிவேற்றும் கருவியான ட்வைனுக்காகத் தம் கணினியின் முகப்பு அடைவில் (ஹோம் டைரக்டரி) 'டாட் பைபிஐஆர்சி' என்ற கோப்பை வைத்திருப்பார். அதன் தலைப்பகுதியில் கிடங்குகளின் பட்டியல் இருக்கும். அதன்கீழ் ஒவ்வொரு தொகுப்புக்கும் தனிப் பகுதி. கிடங்கு உண்மையில் ஒன்றேயாயினும் இரு பெயர் சூட்டி, இரண்டிலும் ஒரே முகவரியைத் தரவேண்டும். வேறுபடுவது டோக்கன் மட்டுமே. பயனர்பெயர் என்ற இடத்தில் தம் பெயரை எழுதாமல், முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகளோடு 'டோக்கன்' என்ற சொல்லையே எழுதவேண்டும். ஆளின் பெயருக்கே அங்கு இடமில்லை என்பது சொல்லாய்வு செய்வோருக்குச் சுவையான செய்தி. பதிவேற்றும் கட்டளையில் பகுதிப் பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் 403 என்ற மறுப்புதான் வரும். இன்னும் பிறக்காத திட்டத்துக்குத் திட்ட டோக்கன் வாங்க முடியாது; ஆகவே முதல் பதிவேற்றத்துக்குக் கணக்கு டோக்கனைப் பயன்படுத்தி, பிறகு அதை நீக்கிவிட்டுத் திட்டத்துக்கெனத் தனியாக ஒன்று பெறுவதே முறை. டோக்கனின் எழுத்துகள் ஒரே ஒரு முறைதான் திரையில் தெரியும்; படியெடுக்கத் தவறினால் புதிதாக ஒன்று உருவாக்கவேண்டியதுதான். சோதனைக் கிடங்கான டெஸ்ட்பைபிஐக்குக் கணக்கே வேறு, ஆதலால் டோக்கனும் வேறு.

இந்த டோக்கன்களின் உள்ளமைப்புக்கு, கூகுள் ஆய்வாளர்கள் 2014இல் முன்வைத்த வடிவத்தின்படி, 'மக்ரூன்' என்று பெயர். தூத்துக்குடி மக்ரூனை நினைத்து நாவூற வேண்டாம். நிபந்தனைகளை மேலும் மேலும் கூட்டலாம், குறைக்க முடியாது என்பதே அதன் இயல்பு.

இத்தனையையும் தாங்க 'வில்லை' என்ற சொல்லே ஏற்றது என்பது என் கருத்து. தட்டையான சிறு வட்டத்தைக் குறித்த இச்சொல், அலுவலகச் சேவகர் அணிந்த பட்டயத்துக்கும் வழங்கியது. 'வில்லைச் சேவகன்' என்ற வழக்கு அதனால் வந்தது. கையில் வைத்திருப்பவருக்கு அதிகாரம் உண்டு, அது வரம்புள்ளது, பறித்துக்கொண்டால் போயிற்று என்ற மூன்றும் அதில் அடங்குகின்றன. கடவுச்சொல் ஒன்று கசிந்தால் கணக்கு முழுதும் ஆபத்துக்குள்ளாகும்; வில்லை ஒன்று கசிந்தால் அதை மட்டும் செல்லாததாக்கிவிட்டு மற்றவற்றைத் தொடரலாம். ஆவணங்களில் முதன்முறை 'அணுகல் வில்லை' என்றும் பின்பு 'வில்லை' என்றும் எழுதலாம். பன்மையில் 'திட்ட வில்லைகள்', 'கணக்கு வில்லைகள்' என்று பிரிப்பதும் எளிது. பேச்சில் டோக்கன் என்றே சொல்லிக்கொள்ளட்டும். செருப்பு விடும் இடத்தில் வில்லை கேட்டால் பக்கத்து மருந்துக்கடைக்கு வழி காட்டுவார்கள்.