பாழூர்: ஆங்கிலத் தொல்லியல் கலைச்சொல் ஒன்றுக்குத் தமிழ்

‘டெசர்ட்டட் மெடீவல் வில்லேஜ்’ என்னும் கலைச்சொல், இடைக்காலத்தில் குடிகள் நிறைந்திருந்து, பின்னர் ஆளரவமற்றுப் போன இங்கிலாந்து ஊர்களைக் குறிக்கும். அந்நாட்டில் இத்தகைய ஊர்கள் ஏறத்தாழ 3,000 இனங்காணப்பட்டுள்ளன. ‘டெசர்ட்’ என்ற வினை, தொடர்பை அறுத்துக்கொள்ளுதல் என்று பொருள்படும் ‘டெசெரெரே’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ‘வில்லேஜ்’ என்பதோ பண்ணைவீட்டைக் குறித்த ‘வில்லா’வின் வழிவந்தது. வரலாற்றாய்வாளர் மாரிஸ் பெரஸ்ஃபர்டு, தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்ட் ஆகியோரின் முயற்சியால் இவ்வூர்களை ஆராய்வதற்கென்றே 1952இல் ஒரு குழு அமைந்தபின் இத்தொடர் ஆய்வுலகில் வேரூன்றியது.

அவர்கள் இருவரும் நாற்பது ஆண்டுகள் அகழ்ந்த வொரம் பெர்சி என்னும் ஊர், யார்க்‌ஷயரின் சுண்ணப்பாறைக் குன்றுகளிடையே உள்ளது. 1348–49இல் பரவிய கொள்ளைநோயே இத்தகைய ஊர்களை அழித்தது என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் இவ்வூர் அந்நோய்க்குப் பின்னும் ஒன்றரை நூற்றாண்டு வாழ்ந்தது. உழவைவிடக் கம்பளி மிகுந்த வருவாய் தந்ததாலும், ஆடு மேய்க்கச் சில ஆட்களே போதும் என்பதாலும், 1500ஐ ஒட்டி எஞ்சியிருந்த குடும்பங்களும் வெளியேற்றப்பட்டன. இன்று அங்கே வீட்டுமனைகள் புல் மூடிய தாழ்ந்த மேடுகளாகவும், தெரு தலைமுறை தலைமுறையாக மிதிபட்டுத் தாழ்ந்த பள்ளமாகவும் கிடக்கின்றன. சாய்வெயிலில் மேடுகளின் நிழல் விழும்போது ஊரின் அமைப்பே தரையில் தெளிகிறது. கூரையிழந்த புனித மார்ட்டின் தேவாலயத்தின் சுவரை அருகில் நின்று பார்த்தால், மக்கள் குறைந்தபோது பக்கக் கூடங்களை இடித்துவிட்டு, வளைவுகளைக் கல்வைத்து அடைத்திருப்பது தெரியும். ஒரு சமூகம் சுருங்கியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இக்கலைச்சொல்லுக்குத் தமிழில் ‘மறைந்த கிராமம்’ என்பது பொருந்தாது, ஏனெனில் ஊரின் வடிவம் மறையவில்லை. ‘கைவிடப்பட்ட கிராமம்’ என்றால், துரத்தப்பட்டவர்கள் தாமாகவே ஊரை விட்டுச் சென்றதாகப் பொருள்பட்டுவிடும். ‘பாழூர்’ என்னும் பழஞ்சொல்லே தகுந்தது. புறநானூற்றின் 132ஆம் பாடலில் சங்கப் புலவர் முடமோசியார், ஆய் வள்ளலை முன்னரே நினையாததற்காகத் தம் செவி “பாழூர்க் கிணற்றின் தூர்க” (பாழூர்க் கிணறுபோல் தூர்ந்துபோகட்டும்) என்று தம்மையே நொந்துகொள்கிறார். குடிகள் போயினும், தூர்ந்த நிலையிலேனும் கிணறு எஞ்சும் ஊர் அது. ஆகவே ‘இடைக்காலப் பாழூர்’ என்று வழங்கலாம். ‘பாழ்’ என்றதும் விளையாத நிலம் என்று மயங்க வேண்டியதில்லை. பாழ்மனை, பாழ்மண்டபம் என்னும்போது நாம் குறிப்பது ஆள் இல்லாமையைத்தான்.