கண்ணாடியே இல்லாமல் எக்ஸ் கதிரைச் சிறைபிடிப்பது

முகம் பார்க்கும் கண்ணாடி ஒளியைத் திருப்புவதுபோல எக்ஸ் கதிரைத் திருப்ப முடியாது. நேருக்கு நேர் மோதினால் உலோகம் அதை விழுங்கிவிடும். அப்புறம் எப்படி, அணுக்கருக்களை ஒன்றுசேர்த்து ஆற்றல் பெறும் அணுக்கரு இணைவு ஆய்வில், ஓர் உலோகக் கூட்டுக்குள் அதை அடைத்து வைக்கிறார்கள்? விழுங்கும் அந்தக் குணத்தையே பயன்படுத்தித்தான்.

அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் இதற்காகப் பயன்படுத்தும் உருளை சுமார் 1 செ.மீ. நீளம்தான். 'ஹோல்ரவும்' என்பார்கள், ஜெர்மன் மொழியில் உள்வெற்றிடம் என்று பொருள். உட்சுவர் தங்கம். இரு முனைகளிலும் உள்ள துளைகள் வழியாக 192 புற ஊதா லேசர் கற்றைகள் நுழைந்து சுவரைத் தாக்குகின்றன. தாக்கிய இடம் பிளாஸ்மாவாகி, அதாவது எலக்ட்ரான்கள் பிரிந்த கொதிக்கும் வாயுவாகி, எக்ஸ் கதிரை உமிழ்கிறது.

அந்தக் கதிர் எதிர்ச்சுவரில் படுகிறது. தங்க அணுவில் 79 எலக்ட்ரான்கள். இவ்வளவு வெப்பத்திலும் அவற்றில் பல அணுவை விட்டுப் போவதில்லை. அவை கதிரை உறிஞ்சி மீண்டும் உமிழ்வதால் வெப்பம் சுவருக்குள் ஆழமாக இறங்க முடிவதில்லை. சில நானோ நொடிகளில் சில மைக்ரான்தான் நகரும். ஆகவே மெல்லிய மேல்தோல் மட்டும் கொதித்து, வாங்கியதில் பெரும்பகுதியை உள்ளேயே திருப்பிக் கொடுக்கிறது. சுவர் சூடாகச் சூடாக, திருப்பிக் கொடுக்கும் பங்கும் கூடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இப்படிக் கைமாறிக் கைமாறி உள்வெப்பநிலை 30 லட்சம் கெல்வினைத் தாண்டுகிறது. கதிர்வீச்சு, வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் வளரும்: வெப்பநிலை இருமடங்கானால் கதிர்வீச்சு 16 மடங்கு. லேசர் சில இடங்களில்தான் பட்டது. எக்ஸ் கதிரோ எல்லாத் திசையிலிருந்தும் ஏறக்குறைய ஒரே சீராகப் பொழிகிறது. நடுவிலுள்ள சுமார் 2 மி.மீ. விட்டமுள்ள எரிபொருள் உருண்டைக்கு அந்தச் சீர்தான் உயிர். அதன் மேலோடு ஆவியாகி வெளியே பீறிட, உள்ளிருக்கும் கனமான ஹைட்ரஜன் வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் நசுங்கி அணுக்கரு இணைவில் முடிகின்றன. 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலுக்கு 3.15 மெகாஜூல் வெளிவந்தது இந்த வழியில்தான்.

சரி, சிறை முழுமையானதா? இல்லை. லேசர் நுழையும் துளை வழியாகவே கதிரும் கசிகிறது. துளையைச் சிறிதாக்கினால் விளிம்பிலிருந்து கிளம்பும் பிளாஸ்மா லேசரையே மறிக்கும். தங்கச் சுவரும் ஊதிப் பெருகி உள்நோக்கி வருகிறது. அதைத் தாமதப்படுத்தவே உருளைக்குள் கொஞ்சம் ஹீலியம் வாயுவை நிரப்புகிறார்கள்.