ஹன்யூ ஆடாத பதினான்கு வாரங்கள்

பாலக்கோடு பக்கத்திலிருந்து உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். அவருடைய மாணவி ஒருத்தி 1500 மீட்டர் ஓடுகிறாள். குறுவட்டப் போட்டியில் முதலிடம். மாவட்டப் போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ஒரு மாதமாக இடது காலில், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி. “ஓட ஆரம்பிக்கும்போது வலிக்குது சார், ரெண்டு ரவுண்டு போனா மறந்துடுது” என்கிறாள். நிறுத்தச் சொன்னால் போனில் ஒரு வீடியோவைக் காட்டுகிறாளாம். ஃபிகர் ஸ்கேட்டிங், அதாவது பனித்தளத்தில் சறுக்கித் தாவி ஆடும் விளையாட்டில், ஜப்பான் வீரர் யுசுரு ஹன்யூ அடிபட்ட கணுக்காலோடு ஒலிம்பிக்கில் ஆடித் தங்கம் வாங்கிய வீடியோ. “அவர் ஆடலையா சார்?” என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் ஆசிரியரின் கேள்வி.

அந்த வீடியோவில் இருப்பது உண்மைதான். 2018 பிப்ரவரி 17, தென்கொரியாவின் பியோங்சாங். ஹன்யூ வலி மாத்திரை போட்டுக்கொண்டுதான் ஆடினார். அது அவருக்குத் தொடர்ந்து இரண்டாவது ஒலிம்பிக் தங்கம். ஆடவர் ஒற்றையரில் அவருக்கு முன் கடைசியாக அப்படி அடுத்தடுத்து வென்றவர் 1948, 1952இல் அமெரிக்காவின் டிக் பட்டன். ஆனால் அந்த ஆட்டம் நாலரை நிமிடம்தான். அதற்கு முந்தைய பதினான்கு வாரம் அந்த வீடியோவில் இல்லை.

2017 நவம்பர் 9 அன்று ஒசாகாவில் ஒரு போட்டிக்கான பயிற்சியின்போது, காற்றில் நான்கு சுற்று சுற்றி இறங்கும் ‘லட்ஸ்’ தாவலில் தவறி விழுந்தார். வலது கணுக்காலின் லிகமென்ட், அதாவது எலும்பையும் எலும்பையும் கட்டிவைக்கும் நார், காயப்பட்டது. அந்தப் போட்டியிலிருந்து விலகினார். டிசம்பரில் நடந்த தேசியப் போட்டியிலும் ஆடவில்லை. பியோங்சாங் போன பிறகும் குழுப் போட்டியில் இறங்காமல் தனிப்போட்டிக்காகக் காலைக் காப்பாற்றி வைத்தார். தங்கம் வாங்கிய அடுத்த மாதமே உலக சாம்பியன்ஷிப், அதற்கும் போகவில்லை. ஆக, அந்த ஒரு தங்கத்தைச் சுற்றி இத்தனை ‘மாட்டேன்’கள் இருக்கின்றன.

அவர் எப்போதும் சரியாக முடிவெடுத்தார் என்றும் சொல்ல மாட்டேன். 2014 நவம்பரில் ஷாங்காயில், போட்டிக்கு முந்தைய வார்ம்-அப்பில் சீன வீரர் யான் ஹானோடு வேகமாக மோதி விழுந்தார். தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து ஆடி, ஐந்து முறை விழுந்து, வெள்ளி வாங்கினார். கூட்டம் கண்ணீர் விட்டது. தலையில் அடிபட்டவரை அன்று பனித்தளத்தில் இறக்கியிருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சரி, பனித்தளத்தையும் பாலக்கோட்டு மண்தரையையும் ஒரே கணக்கில் வைக்கலாமா? எலும்பைப் பொறுத்தவரை வைக்கலாம். ஸ்கேட்டிங் தாவலில் இறங்குவது எப்போதும் ஒற்றைக் காலில், சுமார் 4 மில்லிமீட்டர் அகலமுள்ள இரும்புத் தகட்டின் ஓரத்தில். அப்போது காலில் விழும் விசை உடல் எடையைப் போல ஐந்திலிருந்து எட்டு மடங்கு. கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் பூட்ஸ் வேறு, பாதம் மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள விடாது. ஓட்டத்தில் விசை குறைவு, ஒவ்வோர் அடிக்கும் இரண்டு மூன்று மடங்குதான். ஆனால் 1500 மீட்டர் ஓட ஏறக்குறைய ஆயிரம் அடி வைக்க வேண்டும். ஒரு காலுக்கு ஐந்நூறு. தினமும் காலை, மாலை.

பிறகு ஏன் இரண்டு ரவுண்டு போனால் வலி மறந்துபோகிறது? காலிலிருந்து தண்டுவடம் வழியாக மேலே போகும் வலிச் செய்தியை, நடுமூளையிலிருந்து இறங்கி வரும் நரம்புகள் வழியிலேயே அமுக்க முடியும். பதற்றம், ஆவேசம், ஓட்டத்தின் சூடு எல்லாம் சேர்ந்து எண்டார்ஃபின், நார்அட்ரினலின் போன்ற பொருள்களைச் சுரக்கவைத்து அந்த வேலையைச் செய்கின்றன. இரண்டாம் உலகப் போரில், 1944இல் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் இருந்த அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், பெரிய காயத்தோடு வந்த வீரர்களில் பலர் வலிமருந்தே வேண்டாம் என்றதைக் கண்டு குறித்துவைத்தார். வலி என்பது மூளை எடுக்கும் முடிவு. எலும்பு எவ்வளவு சேதப்பட்டிருக்கிறது என்பதற்கு அது அளவுகோல் ஆகாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

கிருஷ்ணகிரி பக்கத்துக் கல்குவாரியில் கல் பிளப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாறையில் ஒரே கோட்டில் வரிசையாகக் குழி போட்டு, ஒவ்வொன்றிலும் ஆப்பு வைத்து, சம்மட்டியால் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை தட்டிக்கொண்டே போவார்கள். முதல் சுற்றில் ஒன்றும் ஆகாது. இரண்டாம், மூன்றாம் சுற்றிலும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் தட்டுகிறவர் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். கணீரென்று வந்த சத்தம் மங்கும்போது உள்ளே விரிசல் ஓடிவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஒரே அடியில் உடையாத பொருள், சிறு சிறு அடிகளால் உடைவதைப் பொறியாளர்கள் ‘களைப்பு முறிவு’ என்பார்கள்.

எலும்பிலும் இதே விரிசல்கள் விழுகின்றன. நடக்கிற, ஓடுகிற எல்லோருடைய எலும்பிலும், தினமும். ஆனால் எலும்புக்குக் கல்லிடம் இல்லாத இரண்டு திறமைகள் உண்டு. ஒன்று, அது விரிசலை ஓடவிடாது. கணைக்கால் எலும்பின், அதாவது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே உள்ள எலும்பின், கெட்டியான சுவரை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், சுமார் கால் மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய நாணல் குழாய்கள் போலத் தெரியும். விரிசல் ஒரு குழாயின் ஓரத்துக்கு வந்ததும் நேரே போக முடியாமல் பக்கவாட்டில் திரும்பிச் சோர்ந்து நின்றுவிடுகிறது. மூங்கிலைக் குறுக்கே ஒடிப்பதைவிட நெடுக்கே பிளப்பது சுலபமாக இருக்கிறதே, அதே சங்கதி.

இரண்டாவது திறமை, எலும்புக்குத் தன் விரிசல் எங்கே என்று தெரியும். உயிருள்ள எலும்புக்குள் ஆஸ்டியோசைட் என்ற செல்கள் புதைந்து கிடக்கின்றன. ஓர் ஆளின் உடம்பில் நாலாயிரம் கோடிக்கு மேல் என்பது கணக்கு. தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத கால்வாய்கள் வழியாக அவை ஒன்றுக்கொன்று கையை நீட்டிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. விரிசல் விழும்போது அந்தக் கைகள் அறுபடுகின்றன. அறுபட்ட செல் சாகிறது. சாகும் செல்லைச் சுற்றியுள்ளவை ‘இங்கே வா’ என்று வேதிச்செய்தி அனுப்புகின்றன.

யார் வருகிறார்கள் தெரியுமா? கட்டுகிறவர்கள் அல்ல, இடிக்கிறவர்கள். ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற பெரிய செல்கள் கூட்டமாக வந்து, அமிலத்தைச் சுரந்து, விரிசல் விழுந்த எலும்பைக் கரைத்துக்கொண்டே சுரங்கம் வெட்டுகின்றன. ஒரு நாளைக்குச் சுமார் 40 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). ஒரு மில்லிமீட்டர் முன்னேற இருபத்தைந்து நாள். பின்னாலேயே ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற கட்டும் செல்கள் சுரங்கத்தின் சுவரில் புது எலும்பைப் பூசிக்கொண்டு வருகின்றன. அவை பூசுவது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரே ஒரு மைக்ரான் கனம். ஓர் இடத்தை இடித்து முடிக்க மூன்று வாரம் என்றால் நிரப்பி முடிக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. பூசிய எலும்பில் கால்சியம் முழுதாக ஏறிக் கெட்டிப்பட இன்னும் பல மாதம்.

நான் இதை முதன்முதலில் படித்த அன்று நெடுநேரம் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உடம்பு தன்னைப் பலப்படுத்துவதற்காக முதலில் தன்னைப் பலவீனப்படுத்துகிறது. பேருந்து ஓடும்போதே தார்ச்சாலையைத் தோண்டிப் புதுப்பிக்கிற மாதிரி. போக்குவரத்து அளவாக இருந்தால் வேலை நடந்து முடிந்துவிடும். தோண்டிய குழிகள் நிரம்புவதற்குள் லாரிகளை விட்டால்? ஓட்டையான எலும்பில் புது விரிசல்கள் விழும், அவற்றை நோக்கி இன்னும் அதிகமாக இடிக்கும் செல்கள் வரும், எலும்பு மேலும் ஓட்டையாகும். கடைசியில் சின்ன விரிசல்கள் ஒன்றாகச் சேர்ந்து பெரிய விரிசலாகிவிடும். ஃபிகர் ஸ்கேட்டர்களின் பாதத்திலும் கணைக்காலிலும் கீழ்முதுகிலும் வருகிற ‘ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்’ இதுதான். பாலக்கோட்டுப் பிள்ளையின் காலில் ஒருவேளை தொடங்கியிருப்பதும் இதுவாக இருக்கலாம்.

எலும்பில் கால்சியம் நிறைய இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதற்குப் பதில் சொந்த அனுபவத்திலேயே உண்டு. ஆழ்துளைக் கிணற்றில் ஃபுளோரைடு அதிகமுள்ள மண் நம்முடையது. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஃபுளோரைடு எலும்பின் தாதுவுக்குள் புகுந்து அதை அடர்த்தியாக்கும். அடர்த்தி கூடினால் பலம் கூடும் என்று நம்பி, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எலும்புத் தேய்மானம் உள்ள பெண்களுக்கு ஃபுளோரைடு கொடுத்துப் பார்த்தார்கள். 1990இல் முடிவு வெளியானது. முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் ஏறியிருந்தது, முதுகெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை, மற்ற எலும்புகளின் முறிவு கூடியிருந்தது. விரிசலைத் திருப்பிவிடும் நார்க்கட்டும், பழுது பார்க்கும் செல்களும் சரியாக இல்லாவிட்டால் எலும்பு வெறும் கல்தான். ஃபுளோரைடு நீர் குடித்து வளர்ந்த நம் ஊர்களில், விளையாட்டுக்கு வரும் பிள்ளைகளின் எலும்பை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து ஆய்வு செய்ய அரசு பணம் ஒதுக்க வேண்டும். பதக்கம் வாங்கியபின் கொடுக்கும் பரிசுத்தொகையில் ஒரு சிறு பங்கு போதும்.

இந்த விஷயம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகள் கோ-கோ ஆடியவள். இதே இடத்தில் வலி. ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். “எலும்பு நல்லாத்தான் இருக்கு” என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நரம்பு பிசகியிருக்கும் என்று பக்கத்து ஊரில் எண்ணெய் போட்டு உருவினார்கள். கண்ணேறு பட்டிருக்கும் என்று அம்மா மந்திரித்த கயிறு கட்டினார். எல்லாம் அவள்மேல் இருந்த பாசத்தில் செய்ததுதான். அந்தப் பாசத்தில் ஐந்து வாரம் போனது, அவளும் ஆடிக்கொண்டே இருந்தாள். மாவட்டப் போட்டியில் திரும்பி ஓடுகையில் எலும்பு முறிந்தது. அந்தச் சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது.

அதனால்தான் ஆடாமல் விலகியவர்களின் கதையை நான் தேடித் தேடிப் படிக்கிறேன். 2006இல் அமெரிக்காவின் மிஷெல் குவான், ஐந்து முறை உலக சாம்பியன், டூரின் ஒலிம்பிக்குக்குப் போய் இறங்கி, முதல் பயிற்சியிலேயே தொடை இடுக்கில் காயம் பட, போட்டியிலிருந்து விலகினார். அவரிடம் இல்லாத பெரிய பதக்கம் ஒலிம்பிக் தங்கம். 2014இல் சோச்சியில், ரஷ்யாவின் பிளஷென்கோ சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் வார்ம்-அப் செய்துகொண்டிருந்தவர், முதுகைப் பிடித்துக்கொண்டு நடுவரிடம் போய் விலகுவதாகச் சொன்னார். நம் நீரஜ் சோப்ரா 2022இல் உலக சாம்பியன்ஷிப் வெள்ளி வாங்கிய கையோடு, தொடை இடுக்குக் காயத்தால் பர்மிங்காம் காமன்வெல்த்துக்குப் போகாமல் நின்றார். அடுத்த ஆண்டு உலக சாம்பியன் ஆனார்.

எப்போது விலகுவது என்பதற்கு ‘தாங்க முடிகிறதா’ என்ற கேள்வி உதவாது. எந்தத் திசு, எந்த இடம் என்று கேட்க வேண்டும். தசை வலி விரல்நுனிக்குள் அடங்காது, கை அகலத்துக்குப் பரவியிருக்கும், ஓய்வில் சில நாளில் போகும். எலும்பு வலி ஒரே புள்ளியில் நிற்கும். தொடை எலும்பின் கழுத்து, பாதத்தின் நடுவே படகு போன்ற எலும்பு, கணைக்கால் எலும்பின் முன்விளிம்பு ஆகிய இடங்களில் வந்தால் ஆறுவது கடினம், அங்கே பேரமே பேசக்கூடாது. வலி மாத்திரையும் இங்கே நண்பன் இல்லை. அது தடுக்கும் புரோஸ்டாகிளாண்டின் எலும்பு கட்டவும் தேவைப்படுகிற பொருள்.

சார், நாளைக் காலை மைதானத்தில் அவளை உட்காரவைத்து, கணைக்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அங்குலம் அங்குலமாக அழுத்திப் பாருங்கள். ஒரே இடத்தில் முகம் சுளித்தால் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிடுங்கள். அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள், எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையென்றால் எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று வாய்விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று அம்மாவை விசாரிக்கச் சொல்லுங்கள். சரியாகச் சாப்பிடாமல் ஓடும் பெண்பிள்ளைகளுக்கு அது நின்றுபோகும், ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறையும், இடிக்கும் செல்களுக்குக் கடிவாளம் போய்விடும். நம் வீட்டு ராகிக் களியில் கால்சியத்துக்குக் குறைவில்லை, வயிறு நிறையச் சாப்பிடட்டும்.

ஐந்து வாரம் என்பது அவள் எலும்பின் கணக்கில் குழி வெட்டி முடிந்து நிரப்பத் தொடங்கும் நேரம், இந்த மாவட்டப் போட்டியை விட்டுவிடச் சொல்லுங்கள். டாக்டர் சம்மதித்தால், எலும்பு ஆறும்வரை சைக்கிள் மிதிக்கட்டும். ஹன்யூ வீடியோவை மறுபடி காட்டினால், 2017 நவம்பர் 9 முதல் 2018 பிப்ரவரி 17 வரை எத்தனை நாள் என்று அவளையே எண்ணச் சொல்லுங்கள்.