பெட்டிக்குள் இருக்கும் குழந்தைக்கும் அம்மா வேண்டும்

பிறந்து 5 நாள் ஆகியும் அம்மா இன்னும் குழந்தையைப் பார்க்கவில்லை. ஓர் அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் சிகிச்சைப் பிரிவில் 14 வருடமாக நர்ஸாக இருக்கிறேன், இந்த நிலைமையை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. குழந்தை தரைத்தளத்தில் எங்களிடம் இருக்கும், அம்மா சிசேரியன் தையலோடு இரண்டாம் மாடி வார்டில் படுத்திருப்பார், நடுவே இருப்பது ஒரு லிஃப்ட்தான். ஆனால் வீட்டுப் பெரியவர்கள் விடமாட்டார்கள். "இப்பப் பார்த்தா பாசம் ஒட்டிக்கும் சிஸ்டர், பிழைக்குமான்னு தெரியட்டும், அப்புறம் காட்டலாம்" என்று ஒரு பாட்டி என்னிடம் சொன்னார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, மகள் உடைந்துபோவாளே என்ற பயம்தான். அந்தக் குழந்தை 30 வாரத்தில் பிறந்தது, எடை 1 கிலோ 240 கிராம். மேலே அம்மாவுக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல், கீழே குழந்தைக்கு வேளைக்கு 6 மில்லி பால் தேவை, அதை நாங்கள் தாய்ப்பால் வங்கியிலிருந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு குழந்தையை "பெட்டியில வச்சிருக்காங்க", அதாவது இன்குபேட்டரில், என்று கேள்விப்பட்டால், அந்த அம்மாவை எப்படியாவது அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். சக்கர நாற்காலி கேட்டால் கொடுப்பார்கள். பெற்றோர் எங்களுக்குப் பார்வையாளர்கள் கிடையாது. குழந்தையின் பராமரிப்பில் குடும்பத்தினரும் பங்கெடுக்க வேண்டும் என்று மத்திய அரசே 2017-ல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது, அதனால் தயங்காமல் உள்ளே விடச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் முறை பார்க்கும்போது பயமாகத்தான் இருக்கும். குழந்தை உள்ளங்கை நீளம் கூட இல்லாதது போலத் தெரியும், தோல் சிவந்து மெலிந்திருக்கும், உடம்பெல்லாம் ஒயர். காலில் சிவப்பாக ஒளிர்வது ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்ப்பதற்கு, நெஞ்சில் ஒட்டியிருப்பது இதயத் துடிப்புக்கு, மூக்கில் இருப்பது நுரையீரல் சுருங்கிவிடாமல் காற்றை மெல்ல அழுத்திக் கொடுப்பதற்கு, வாயில் போகும் மெல்லிய குழாய் பாலுக்கு. கர்ப்பக் கணக்கில் 34 வாரம் ஆகும் முன்னால் உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் சேர்த்துச் செய்யக் குழந்தைக்குத் தெரியாது, அதனால்தான் அந்தக் குழாய். பிறகு நம் வீடுகளில் சங்கில் புகட்டுவது போலப் பாலாடையில் புகட்டுவோம், அதற்கப்புறம் நேராக மார்பில். மானிட்டர் கத்தினால் பதறாதீர்கள், பல நேரம் ஒயர் நழுவியிருக்கும், சில நேரம் குறைமாதக் குழந்தை மூச்சு விட மறந்திருக்கும், உள்ளங்காலைத் தேய்த்துவிட்டால் மறுபடி ஆரம்பித்துவிடும். அதைக் கவனிக்க நாங்கள் இருக்கிறோம், நீங்கள் குழந்தையின் முகத்தைப் பாருங்கள்.

இன்னொரு பயம் வீட்டிலிருந்தே வரும். ஏழு மாதத்தில் பிறந்தால் பிழைக்கும், எட்டு மாதத்தில் பிறந்தால் பிழைக்காது என்று நம் ஊரில் காலங்காலமாகச் சொல்கிறார்கள். இது உண்மையில்லை. வயிற்றுக்குள் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் நுரையீரல் தேறுகிறது, ஆக எட்டு மாதக் குழந்தைக்கு ஏழு மாதக் குழந்தையைவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. இந்த ஒரு பேச்சால் கை கால் நடுங்க வந்து நின்ற அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே வரும் முன் வளையல், மோதிரம், வாட்ச், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கோயில் கயிற்றைக் கழற்றச் சொன்னால் சிலருக்கு மனசு வருவதில்லை, எனக்கும் புரிகிறது, ஆனால் அந்த நூலுக்குள் இருக்கும் கிருமிக்கு நம் பக்தி தெரியாது. இந்தக் குழந்தைகளுக்கு எமன் பல நேரம் கிருமித் தொற்று வடிவில் வருகிறான். செல்போனை வெளியே வைத்துவிடுங்கள். சளி, இருமல், உதட்டில் கொப்புளம், வயிற்றுப்போக்கு இருந்தால் அன்றைக்கு வராதீர்கள், அது அப்பாவாக இருந்தாலும் சரி. அம்மாவுக்குச் சளி என்றால் எங்களிடம் சொல்லுங்கள், மாஸ்க் போட்டுப் பாலாவது எடுக்க வழி செய்வோம்.

தொடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஆசையில் எல்லோரும் விரலால் தடவிக் கொடுப்பார்கள், குறைமாதத் தோலுக்கு அது கூச்சம், சில குழந்தைகள் முகம் சுளித்துக் கையை விரிப்பதைப் பார்க்கலாம். ஒரு கையைத் தலையில் குவித்து வையுங்கள், இன்னொரு கையால் மடங்கிய கால்களை அணைத்துப் பிடியுங்கள், அசைக்காமல் அப்படியே. வயிற்றுக்குள் இருந்த கதகதப்பு திரும்பக் கிடைத்தது போல அது அடங்கும். மெதுவாகப் பேசுங்கள். உங்கள் குரல் அதற்குப் புதிதில்லை, வயிற்றிலேயே கேட்டிருக்கிறது.

பால்தான் பெரிய விஷயம். முதல் சில நாட்கள் வரும் மஞ்சள் நிறச் சீம்பால் அரை ஸ்பூன் வந்தாலும் எங்களுக்கு மருந்து மாதிரி, குடிக்க முடியாத குழந்தைக்கு அதைக் கன்னத்தின் உள்பக்கம் தடவிவிடுவோம். இரவு ஒரு முறையாவது சேர்த்து, நாளுக்கு 8 முறை எடுக்க வேண்டும். குழந்தை உறிஞ்சவில்லையே என்று விட்டுவிட்டால் சில நாளில் வற்றத் தொடங்கிவிடும், பிறகு வரவைப்பது கஷ்டம். பல அம்மாக்கள் 2 மில்லியை எடுத்துக்கொண்டு வந்து "இவ்வளவுதான் வந்துச்சு" என்று அழுவார்கள். ஒரு கிலோ குழந்தைக்கு முதல் நாட்களில் ஒரு வேளைக்கு அவ்வளவுதான் வேண்டும், அம்மா. அதைக் கீழே கொட்டாதீர்கள். மூடியுள்ள கிண்ணத்தில் பெயரும் நேரமும் எழுதிக் கொடுத்தனுப்புங்கள், அதைக் கொண்டுவரும் வேலையை அப்பாவிடம் விடுங்கள். வெளியே எங்கே நிற்பது என்று தெரியாமல் மருந்துச் சீட்டோடு நிற்கும் மனிதருக்கும் தன் பிள்ளைக்காகச் செய்ய ஒன்று கிடைக்கிறது. தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதையும் சேனை என்று ரகசியமாகக்கூட நாக்கில் வைக்காதீர்கள். ஒரு வயது வரை தேன் ஆபத்து, குறைமாதக் குடலோ தாய்ப்பாலுக்கே இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் கங்காரு முறை. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970-களின் கடைசியில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் மருத்துவர் எட்கர் ரெய் சனாப்ரியா ஆரம்பித்து வைத்தது. டயப்பர், தொப்பி, சாக்ஸ் மட்டும் போட்ட குழந்தையை அம்மாவின் வெறும் நெஞ்சில் நிமிர்த்தி, தலையை ஒரு பக்கம் திருப்பி, கால்களைத் தவளை போல மடக்கி, துணியால் கட்டிவிடுவோம். இன்குபேட்டர் இல்லாத குறைக்கு ஒரு மாற்று என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். ஆனால் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளிவந்த ஆய்வில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகள் தேறும்வரை காத்திருக்காமல் பிறந்ததும் இதைத் தொடங்கியபோது முதல் 28 நாளில் இறப்பு கால் பங்கு குறைந்தது, அதாவது 100-க்கு ஏறக்குறைய 16 என்ற இடத்தில் 12. அடுத்த வருடமே உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இப்படி வைத்திருக்கச் சொன்னது. ஒரு முறை எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள், சும்மா சும்மா மாற்றினால் குழந்தைக்குக் களைப்பு. அம்மாவுக்கு முடியாதபோது அப்பா, பாட்டி, சித்தி யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அப்பாவின் நெஞ்சில் முடி இருக்கிறதே என்று வெட்கப்பட வேண்டாம்.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாலு பேராக வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று "யார் மாதிரி இருக்கு" என்று பேசுவதால் அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. "வண்டியில போனியா, பப்பாளி சாப்பிட்டியா" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ரத்த அழுத்தம், தொற்று, இரட்டைக் குழந்தை என்று காரணங்கள் பல, காரணமே தெரியாமலும் நடக்கும், ஆனால் அந்தப் பெண் ராத்திரி முழுக்கத் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இட்லியோ ரசம் சாதமோ கட்டிக் கொண்டுவாருங்கள், மூத்த பிள்ளையை இரண்டு வாரம் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், துவைக்கத் துணி இருந்தால் வாங்கிப் போங்கள். அவள் அழுதால் அழட்டும், கூட உட்காருங்கள். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, குழந்தையைத் தொடவே பிடிக்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், அது திமிர் இல்லை, நோய்.

சில குழந்தைகளை எங்களால் காப்பாற்ற முடிவதில்லை. அப்படிப்பட்ட அம்மாக்களில் சிலர் பிறகு வந்து பேசியிருக்கிறார்கள். தூக்கி வைத்திருந்தேனே என்று ஒருத்தரும் வருத்தப்பட்டதில்லை, தொடக்கூட விடவில்லையே என்று அழுதவர்கள் இருக்கிறார்கள்.

அந்த 1 கிலோ 240 கிராம் குழந்தையின் அம்மாவை அன்று சாயங்காலமே கீழே அழைத்துவந்தோம். முதலில் தூர நின்றுதான் பார்த்தார், அப்புறம் கழுவிய கையை உள்ளே விட்டார். பால் கட்டி இளகி நன்றாகச் சுரக்க இன்னொரு வாரம் ஆனது. பாட்டி மூன்று நாள் எங்களோடு பேசவில்லை, நாலாம் நாள் மகள் தூங்கட்டும் என்று தானே கங்காரு நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் அஷ்டமி வேண்டாம் என்றார்கள், ஒரு நாள் தள்ளித்தான் அனுப்பினோம், அதில் எங்களுக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் கண் பரிசோதனைத் தேதியை மட்டும் எதற்காகவும் தள்ளக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்தால் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தப்பாக வளர வாய்ப்புண்டு, வெளியே பார்த்தால் தெரியாது, பிறந்து 4 வாரத்துக்குள் முதல் பரிசோதனை, பிறகு கண் டாக்டர் சொல்லும் ஒவ்வொரு தேதியும் முக்கியம், நாள் கடந்தால் பார்வையே போகலாம். பாட்டி சீட்டை வாங்கி மடித்துச் சுருக்குப் பையில் வைத்தார். இரண்டு வாரம் கழித்துக் கண் பிரிவு வாசலில் 8 மணிக்கே குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், "அம்மாவ வண்டி நிறுத்துற இடத்துல உக்கார வச்சிருக்கேன் சிஸ்டர், இன்னும் தையல் வலிக்குதாம்" என்றார்.