உள்ளூர் அதிகபட்சமா, இடஞ்சார்ந்த பெருமமா?

பல்லுறுப்புக் கோவையின் வரைபடத்தை விளக்கும் காணொளி. வளைகோடு ஏறி ஒரு மேட்டைத் தொட்டுவிட்டு இறங்குகிறது. அந்த மேட்டுக்கு வைத்த பெயர் 'உள்ளூர் அதிகபட்சம்'. இந்த மாதத்தில் இதை நான் பார்ப்பது மூன்றாவது முறை.

ஆங்கிலத்தில் அது 'லோக்கல் மேக்சிமம்'. 'லோக்கல்' என்பதன் வேர் லத்தீன் 'லோகஸ்', அதாவது இடம். ஒரு விதிப்படி நகரும் புள்ளியின் தடத்தை வடிவியலில் நியமப்பாதை என்கிறோமே, அதுவும் இதே லோகஸ்தான். 'மேக்சிமம்' என்றால் மிகப் பெரியது. பிறப்பு அவ்வளவுதான்.

இதில் ஊர் எங்கிருந்து முளைத்தது? உள்ளூருக்கு எதிர்ச்சொல் வெளியூர். அப்படியானால் வரைபடம் முழுவதற்கும் பெரிய மதிப்பை 'வெளியூர் அதிகபட்சம்' என்பார்களா?

ஊரையாவது சிரித்துவிட்டு விடலாம். 'அதிகபட்சம்' மாணவரைத் தவறான வழியிலேயே அனுப்பிவிடுகிறது. 'அதிகபட்சம் பத்துப் பேர்' என்றால் பதினோராவது ஆளுக்கு இடமில்லை. எக்ஸின் கனத்திலிருந்து 3 எக்ஸைக் கழித்து வரைந்து பாருங்கள். எக்ஸ் −1 ஆகும் இடத்தில் மேடு, மதிப்பு 2. எக்ஸ் 3 ஆனால் மதிப்பு 18. அதற்கப்பால் ஏறிக்கொண்டே போகும். 2 எப்படி அதிகபட்சம் ஆகும்? இதே கோவைக்கு 'அதிகபட்சம் இரண்டு திரும்பு புள்ளிகள்' (ஏற்றம் இறக்கமாகவோ இறக்கம் ஏற்றமாகவோ மாறும் இடங்கள்) என்று சொல்லுங்கள், சொல் பாந்தமாக உட்காரும். அது வரம்பைச் சொல்லும் சொல். 'பட்சம்' வடசொல் என்பதால் வந்த சண்டை இல்லை இது.

பாடநூல்களில் 'இடஞ்சார்ந்த பெருமம்' இருக்கிறது. பெருமம், சிறுமம் இரண்டும் அன்றாடப் பேச்சில் புழங்காதவை என்று குறை சொல்வார்கள். எனக்கு அதுவே வசதி: வரையறுத்த பொருளைத் தவிர வேறெதையும் அவை சுமந்து வருவதில்லை. 'இடஞ்சார்ந்த' கொஞ்சம் நீளம்தான். ஒரு புள்ளியின் அண்மையகத்தில், அதாவது அதை ஒட்டிய சிறு பகுதியில், அங்குள்ள மதிப்பைவிடப் பெரிய மதிப்பு இல்லை என்பதுதானே வரையறை. என்னைக் கேட்டிருந்தால் 'அண்மைப் பெருமம்' என்றிருப்பேன். ஆனால் நிலைத்துவிட்ட நல்ல சொல்லைக் கலைப்பானேன்?

மொழிபெயர்ப்பவர்களுக்குப் பாடநூலைப் புரட்டத்தான் நேரமில்லை. நிரலாக்கத்தில், நிரலின் ஒரு பகுதிக்குள் மட்டும் செல்லுபடியாகும் மாறிக்கு 'உள்ளூர் மாறி' வந்துவிட்டது. ஓர் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசிக்கு 'உள்ளூர் மயக்க மருந்து' என்று போட்டிருந்ததையும் படித்தேன். பல்லைப் பிடுங்க ஊரையே மயக்குகிறார்கள் போலிருக்கிறது.